இடது பக்கத்து இரைச்சல்

பாட்டு எதுவும் ஓடவில்லை. அண்ணன் ஆம்ப்ளிஃபையரைச் சூடேறப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். கூடத்தில் அவள் மட்டும், கையில் துடைக்கிற துணியோடு, இடுப்பு உயரத்துக்கு நின்ற இரண்டு ஸ்பீக்கர்களில் இடது பக்கத்து ஸ்பீக்கரின் முன்னால் குனிந்திருந்தாள். அப்போதுதான் அதன் கறுப்பு வலைத்துணிக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. உம்மென்ற கரண்ட் உறுமல் இல்லை, பழைய ரேடியோவில் கேட்கும் கரகரப்பும் இல்லை. யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல, மெல்ல, ஈரமாக, இழுத்துக்கொண்டே இருந்தது. இழுத்த மூச்சை விடவே இல்லை.

துணியை அலசச் சமையலறைக்குப் போனாள். சத்தம் நின்றது. திரும்பி வந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சும்மா இருக்க மாட்டாமல் மறுபடி சமையலறை வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, ஒரு காலை மட்டும் கூடத்துக்குள் எடுத்து வைத்துப் பார்த்தாள். வந்துவிட்டது. காலை எடுத்தாள். போய்விட்டது.

அந்த வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். சின்ன வயதிலிருந்தே நடந்தால் சத்தம் வராது, பின்னால் வந்து நின்று ஆளைத் தூக்கிவாரிப் போட வைப்பாள் என்பதால் அண்ணன் வைத்த பெயர். கல்யாணமாகிப் போனபோது அந்தப் பெயரும் ஒழிந்தது என்று நினைத்தாள். மாப்பிள்ளை திருப்பி அனுப்பியபோது பெட்டியோடு பெயரும் திரும்பி வந்தது. அவர் சொன்ன காரணத்தைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறொருத்தி இல்லை. "அவ பக்கத்துல படுத்தா ஏதோ சத்தம் வருதுங்க. குறட்டை இல்ல. அவகிட்டேருந்து இல்ல. அவளுக்குப் பக்கத்துலேருந்து வருது." மாமியாரும் கேட்டாராம், நாத்தனாரும் கேட்டாளாம். அவள் மட்டும் கேட்டதே இல்லை. சத்தியம் செய்தாள், அழுதாள், ஒன்றும் எடுபடவில்லை.

"எத்தனையோ காரணம் கேள்விப்பட்டிருக்கேன். இது புதுசா இருக்கே!" என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் கொடுத்தாள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. போவதற்கு வேறு இடம் கிடையாது. ஆகவே தட்டைப் பூப்போல வைத்தாள், தும்மலை முந்தானைக்குள் அடக்கினாள், கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தினாள். தன்னால் இந்த வீட்டில் ஒரு சத்தமும் வந்துவிடக் கூடாது. இருந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஏனென்றால் அண்ணனுக்கு இருந்ததெல்லாம் காதுதான். மற்ற உடம்பு காதைத் தூக்கிக்கொண்டு திரிவதற்காக இருந்தது. அலுவலகத்தில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவான். அந்த ஸ்பீக்கர்களைப் பற்றிக் கேட்டால் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் அவனைப் போலவே காது பிடித்த நாலு நண்பர்கள் வருவார்கள். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடி, இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்துகிற மாதிரி பாட்டுக் கேட்பார்கள். நடுவில் யாராவது இருமினால் போச்சு. அண்ணி ஒருமுறை காப்பிக் கரண்டியைக் கீழே போட்டதற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவன் அவன்.

அதனால் அவள் ஒளிந்தாள். அண்ணன் ஆம்ப்ளிஃபையரைத் தொட்டால் துணி காயப்போடக் கிளம்பினாள், கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினாள், காரணமே இல்லாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். ஆனால் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறைக்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிற அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

"இடது பக்கம் என்னமோ இழுக்குது," என்றான் அண்ணன், சாப்பாட்டை அளைந்துகொண்டே. "வருது, போகுது. வருது, போகுது. விட மாட்டேன்."

விடவில்லை. அவனிடம் ஒரு முறை உண்டு, அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்வான்: ஒவ்வொன்றாகக் கழற்று, எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. ஃபிரிட்ஜைக் கழற்றினான், பால் திரிந்தது. டியூப் லைட்டைக் கழற்றினான், அண்ணி இருட்டில் முட்டியை இடித்துக்கொண்டாள். போன், மிக்ஸி, சுவர்க் கடிகாரம், அழைப்பு மணி, எல்லாம் போயின. எங்கிருந்தோ இரைச்சலை வடிகட்டும் கறுப்புப் பெட்டி ஒன்றை வரவழைத்து நடுவில் பொருத்தினான். அதில் ஒரே ஒரு திருகு. அதைக் கடைசிவரை திருகியும் பாட்டுதான் கொஞ்சம் மங்கியது, இரைச்சல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பொருளாகக் கழன்று மேசையில் வரிசையாகச் சேரச் சேர, மிச்சம் இருப்பது எவ்வளவு குறைவு என்பதை அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு மத்தியானம், மழையில் நனைந்துகொண்டு, ரிப்பேர்காரர் வந்தார். வாய் ஓயாத மனிதர். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, உள்ளே வரும்போதே, "எர்த் கோளாறுதான் சார். நூத்துக்குத் தொண்ணூறு வீட்டுல எர்த்துதான். மிச்சம் பத்து வீட்டுல பொண்டாட்டிதான், ஸ்விட்சை மாத்திப் போட்டிருப்பாங்க," என்று தானே சிரித்தார். பூனை அதற்குள் கொல்லைக் கதவை எட்டியிருந்தாள்.

"ஏய் பூனை, எங்க நழுவுற? வந்து டார்ச்சைப் பிடி," என்றான் அண்ணன்.

"துணி எடுக்கணும்ணா, மழை..."

"நனைஞ்சது நனைஞ்சாச்சு. வா."

போனாள். ஸ்பீக்கரின் பின்னால் குனிந்திருந்த ரிப்பேர்காரருக்கு டார்ச் அடித்தாள். அவள் இடது ஸ்பீக்கரை நெருங்க நெருங்க அது பலத்தது. மிகப் பக்கத்தில் கேட்டபோது மூச்சுக்கு நடுவே எச்சில் ஒட்டிப் பிரிகிற சின்னச் சத்தமும் கேட்டது, பேசுவதற்கு முன்னால் வாயைத் திறக்கும் சத்தம். டார்ச் வெளிச்சம் ஒயரை விட்டு விலகிச் சுவருக்குப் போயிற்று.

"நேராப் பிடிம்மா," என்றார் அவர். "சார், ரொம்பச் சுலபம். இடது ஒயரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்திப் போடுறேன். சத்தம் அந்தப் பக்கம் தாவினா ஆம்ப்ளிஃபையர். இங்கேயே இருந்தா ஸ்பீக்கர். முடிஞ்சது கதை."

மாற்றினார். சத்தம் இடதிலேயே இருந்தது. "ஸ்பீக்கர்தான்!" என்று எழுந்து, அண்ணனும் அவருமாக ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினார்கள். இடது வலமாயிற்று, வலது இடமாயிற்று. சத்தம் இடதுபக்கத்திலேயே இருந்தது, இப்போது இன்னொரு ஸ்பீக்கருக்குள். ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்தார். "அம்மா, அந்தப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் காட்டு, வலது ஒயரைப் பார்க்கிறேன்." அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வலதுபக்கம் போனாள். சத்தமும் அவளோடு நடந்து வலதுபக்கம் போயிற்று.

வெளியே மழை கொட்டியது. ரிப்பேர்காரர் அவளைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், குனிந்து அதன் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு செம்பு முனைகளும் அவர் விரல்களுக்கு நடுவே வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. எதனோடும் இணைப்பில்லாத ஸ்பீக்கர் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

"சார்," என்றார். அவ்வளவுதான். பையில் சாமான்களை அள்ளிப் போட்டார், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். வாசலில் விரித்த குடை அப்படியே கிடந்தது.

அண்ணன் பயப்படுவான் என்று நினைத்தாள். பயந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகம் பூத்திருந்தது. இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"கண்டுபுடிச்சாச்சு!" என்று கத்தினான். "இங்க வா, இங்க வந்து பாரு. பூனை, நீ வெளியே போ."

போனாள்.

"நின்னுச்சு! உள்ள வா."

வந்தாள்.

"பார்த்தியா, பார்த்தியா! இன்னொரு தடவை போ."

அண்ணி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. "ஏங்க, மாப்பிள்ளை அன்னைக்குச் சொன்னாரே..." என்றாள் மெல்ல.

"சொன்னாரு. நம்மதான் அவரைப் பைத்தியம்னோம். பாவம், நல்ல காது அவருக்கு."

"அண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. சத்தியமா நான் எதுவும் பண்ணலை."

"நீ பண்ணினேன்னு யாரு சொன்னா? சும்மா நில்லு."

அவளை ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்திவைத்து, தன் முறைப்படி ஆரம்பித்தான். வளையலைக் கழற்றச் சொன்னான். கழற்றினாள். கைக்கடிகாரம். கழற்றினாள். காதிலிருந்தது, தலையிலிருந்த ஊசிகள், மூக்குக்கண்ணாடி. ஒவ்வொன்றாக அவள் கழற்றிக் கொடுக்க, அண்ணன் மேசையில் கடிகாரத்துக்கும் அழைப்பு மணிக்கும் பக்கத்தில் வரிசையாக வைத்தான், ஒவ்வொன்றுக்கும் பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டான். கண்ணாடி இல்லாமல் கூடம் முழுக்க அவளுக்குக் கலங்கித் தெரிந்தது. கூந்தல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. ஒன்று போகப் போகச் சத்தம் குறையவில்லை, தெளிந்தது. இப்போது அது ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா என்றுகூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அண்ணா, போதும்ணா. பயமா இருக்கு."

"அழாதே, அழுதா எனக்குக் கேட்கலை," என்றான் அண்ணன். பிறகு நிமிர்ந்து பெருமூச்சு விட்டான். "கழட்ட வேற எதுவும் இல்லை. நீதான்."

நண்பர்கள் வரும் நேரமாகிவிட்டது. அண்ணன் பிடுங்கிய ஒயரைத் திரும்ப மாட்டினான், உதவாத கறுப்புப் பெட்டியின் திருகைப் பழையபடி பின்னால் திருப்பிவைத்தான். அண்ணி கணவனைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சமையலறையில் ஏதோ சொன்னாள். தாழ்ந்த குரல்தான். ஆனால் சத்தமில்லாமல் வாழ்ந்து பழகியவளுக்கு எல்லாம் கேட்டது. "இன்னைக்கு மட்டும்னு நினைக்காதீங்க. ராத்திரி நம்ம அறை வரைக்கும் வந்தா? நாளைக்கே ஏதாவது ஒரு விடுதியில பேசுங்க." அண்ணன் "சரி, சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்றான். அவன் நினைப்பெல்லாம் அன்றைய சாயங்காலத்தில் இருந்தது.

துணி துவைக்கிற அறை கொல்லைக்கு அந்தப்புறம் தனியாக இருந்தது. ஒரு வாஷிங் மெஷின், உடைந்த நாற்காலி, சோப்புத்தூள் வாடை, கொல்லை முற்றத்தைப் பார்த்த ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் எதிரே கூடத்து ஜன்னல், அதற்குள் மஞ்சள் விளக்கு. அண்ணன் அவளை உள்ளே விட்டான்.

"அவங்க போற வரைக்கும் இங்க இரு. நடுவுல எதுக்கும் வந்துடாதே."

"அண்ணா, தனியா விடாதே. அது ஸ்பீக்கர்ல இல்லைண்ணா. புரிஞ்சுக்கோ. ஸ்பீக்கர்ல அது கேட்டுச்சு, அவ்வளவுதான்."

"சரி, அதான் இப்ப ஸ்பீக்கர் பக்கத்துல நீ இல்லையே," என்றான் அண்ணன், கணக்கைச் சரிபார்த்தவனைப் போல. கதவைச் சாத்தினான். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. முற்றத்து ஈரத்தில் அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மழை விட்டிருந்தது. கூரைச் சரிவிலிருந்து சொட்டும் தண்ணீர், எங்கோ தெருவில் போகும் வண்டி, வாஷிங் மெஷினுக்குள் மிச்சத் தண்ணீர் இறங்கும் களகளப்பு, இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைத்துக்கொண்டே சுவரோரம் நின்றாள். கேட்காது, இங்கே ஸ்பீக்கர் இல்லை, கேட்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நண்பர்கள் வந்தார்கள். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு மஞ்சள் ஜன்னலில் கலங்கிய தலைகள் வரிசையாக உட்காருவது தெரிந்தது. பாட்டு தொடங்கியது. ஒரு பெண்ணின் குரல், முற்றத்தைத் தாண்டி, தூசியில்லாமல் சுத்தமாக வந்தது. இத்தனை நாளில் அவளே இவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை.

சொட்டும் தண்ணீர் நின்றது.

அப்போது அவள் அதைக் கேட்டாள். வெறும் காதால். முதல் முறையாக.

இடது பக்கம். தோளுக்குச் சற்று மேலே.

இழுத்துக்கொண்டிருந்தது.

அசையவில்லை அவள். கண்ணை மட்டும் திருப்பினாள். சுவர். சோப்புப் பெட்டி. வேறொன்றும் இல்லை. வலதுபக்கம் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது. இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டவைத்து நின்றாள். சுவருக்கும் காதுக்கும் நடுவே, ஒரு தாள் நுழையாத அந்த இடத்தில், இருந்தது. ஸ்பீக்கரில் அது தூரத்துச் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறது. இங்கே எச்சில் பிரிவது, நாக்கு மேலே ஒட்டுவது, எல்லாம் தெரிந்தது. எத்தனை வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கும் மூச்சு? கல்யாணத்துக்கு முன்பிருந்தா? பூனை என்று பெயர் வைத்த நாளிலிருந்தா?

கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள்.

"அண்ணா!"

வாழ்க்கையில் அப்படிக் கத்தியதே இல்லை அவள். கத்தத் தெரியும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தாள். "அண்ணா! அண்ணி! கதவைத் திறங்க! அண்ணா!"

மஞ்சள் ஜன்னலில் ஒரு தலை நிமிர்ந்தது.

கேட்டுவிட்டது. கடவுளே, கேட்டுவிட்டது. அண்ணன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான். மற்ற தலைகளும் நிமிர்ந்தன. ஆனால் அவர்கள் முற்றத்தின் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் இடது ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார். அவள் மறுபடி கத்தினாள். தன் குரல் மெலிந்து, கரகரத்து, அந்தச் சுத்தமான பாட்டுக்கு நடுவே, கூடத்துக்குள்ளிருந்து வருவது அவளுக்கே கேட்டது.

அண்ணன் எழுந்தான். நண்பர்களிடம் கையைக் காட்டினான், ஒரு நிமிஷம் என்பது போல. அந்தக் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் குனிந்தான்.

"வேண்டாம்ணா," என்றாள். "அண்ணா, நான்தான்ணா. பூனை—"

திருகினான்.

குரல் மங்கியது. வாய்க்குள்ளேயே. தொண்டை அதிர்ந்தது, நாக்கு புரண்டது, சத்தம் பாதிதான் வந்தது. இன்னும் திருகினான். கால் பங்கு. இன்னும். ஒன்றுமில்லை. கண்ணாடியை அறைந்தாள். சத்தமில்லை. உடைந்த நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் வீசினாள். கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. சத்தமில்லை. கையில் ரத்தம். வாய் முழுசாகத் திறந்திருந்தது. சத்தமில்லை.

எதிரே அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான். கண்ணாடி இல்லாமலே அந்த முகம் பூத்தது அவளுக்குத் தெரிந்தது. நண்பர்களைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினான், பிரமாதம் என்பது போல. அண்ணி தட்டில் காப்பி கொண்டு வந்தாள். எல்லாரும் பின்னால் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்கள்.

மழை இல்லை, பாட்டு இல்லை, தன் இதயம் அடிப்பதுகூட இல்லை. அவளுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே சத்தம்.

அது நின்றது. இழுத்தது போதும் என்பது போல.

பிறகு அவளது இடது காதோரத்து முடி, வெதுவெதுப்பாக, மெல்லப் பறக்கத் தொடங்கியது.